தொட்டிலில் அறுபது முட்டை

டைலரம்மாவுக்கு வாய் முந்திக்கொள்ளும், யோசனை பின்னால் மூச்சு வாங்க வந்து சேரும். நாடாவைப் பிடித்து அளவெடுக்கும்போது மட்டும்தான் நிதானம். மற்ற நேரத்தில் வாய்க்கு வந்ததுதான் வார்த்தை. அப்படி அவள் போகிறபோக்கில் விட்ட ஒரு வார்த்தை ஒரு பெண்ணை ஒரு வருஷம் வேலை வாங்கிவிட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். மகன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மருமகள் ஒரு கோழிப்பண்ணையில் முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். கல்யாணத்தோடு பண்ணை தூரமாகிவிட்டது, வேலை போயிற்று. வந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை.

"அத்தை, வீட்டுலயே முட்டை பொரிக்கிற பெட்டி ஒண்ணு வெச்சுக்கட்டுமா? பழைய ஃப்ரிட்ஜ் உடம்புல அவரே செஞ்சு தர்றேங்கறார். குஞ்சு பொரிச்சு எங்க பண்ணை நடத்துற அக்காவுக்கே கொடுக்கலாம்."

டைலரம்மா ஒரு கண்ணை மூடி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "கரண்ட்ல ஓடுமா?"

"ராத்திரி பகலா ஓடணும் அத்தை."

"அதெல்லாம் சரிப்படாது. வீடு என் பேர்ல, மீட்டர் என் பேர்ல. மாசம் இருநூத்திப் பத்து யூனிட் ஓடுது. அதுக்கு மேல ஒண்ணு ஓடக்கூடாது. அதுக்குள்ள நீ என்னத்தை வேணா ஓட்டிக்கோ."

சொன்னதோடு விட்டாளா? எழுந்து போய், துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் மீட்டர் பலகைக்கு மேலே சுவரில் 210 என்று பெரிதாக எழுதிவிட்டு வந்தாள். 'முடியாது' என்பதைத்தான் அப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பெண்ணோ சுவரில் இருந்த எண்ணைப் படித்தாள், கூடம், சமையலறை, தையல் அறை என்று ஒரு சுற்றுக் கண்ணை ஓட்டினாள், "சரி அத்தை" என்றாள்.

அந்த வீட்டில் கரண்ட் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் இறந்து எட்டு வருஷமாக டைலரம்மா எந்த அறையிலும் விளக்கை அணைத்ததில்லை. கூடத்தில் டிவி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். மெஷினுக்குப் பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி காலையிலிருந்து சாயங்காலம் வரை சூடாகவே இருக்கும். கேட்டால், "ஆள் இருக்கிற வீடுன்னு தெரியணும்" என்பாள். தனியாக இருந்தவளின் பயம் அது. மகனுக்குத் தெரியும், அதனால் அவன் வாயே திறக்க மாட்டான்.

முதலில் வெயில் காலம் வந்தது. காலை எட்டு மணிக்கெல்லாம் மருமகள் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தாள்.

"வெயில் காலத்துல ஜன்னலைச் சாத்தற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். எங்களை அவிச்சு எடுக்கப் போறியா?"

"வெளிய இருக்கிற காத்து நம்ம வீட்டைவிடச் சூடு அத்தை. உள்ள கூப்பிட்டா வந்து உட்கார்ந்துக்கும், சாயங்காலம் வரைக்கும் கிளம்பாது."

பிறகு மேற்கு ஜன்னலுக்கு வெள்ளைத்துணி கேட்டாள். வெட்டிய துணியில் மிச்சமானதை ஒட்டுப்போட்டு டைலரம்மா தைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை உள்பக்கம் மாட்டவில்லை, கம்பி கட்டி வெளிப்பக்கம் மாட்டினாள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலுக்குத் திரை போட்டு என்ன லாபம் என்று கேட்டாள்.  டைலரம்மா மெஷினை வேகமாக மிதித்தாள்.

சாயங்காலம் வெளியே காற்று ஆறியதும் எல்லா ஜன்னலும் திறக்கும். மேஜை ஃபேன் ஒன்று ஜன்னலில் தெருவைப் பார்த்து உட்காரும். "உன் பொண்டாட்டி தெருவுக்குக் காத்து வீசறாடா" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தாள். "வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளுதும்மா" என்றான் அவன், பெண்டாட்டி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி. ஆனால் அரை மணியில் கூடம் குளிர்ந்தது, டைலரம்மாவே ஒத்துக்கொள்ளும்படி குளிர்ந்தது. ஒத்துக்கொண்டாளா என்று கேட்காதீர்கள். நட்டநடு மத்தியானம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருத்தி, "ஏசி போட்டுட்டீங்களா டைலரம்மா?" என்று கேட்டபோது, கூசாமல் "ம்" என்றாள். சமையலறையில் மருமகள் சிரித்த சத்தம் கேட்டது.

இஸ்திரிப்பெட்டி விஷயத்தில்தான் பெரிய சண்டை. நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்காமல், தைத்ததையெல்லாம் சேர்த்து வைத்து ஒரே தடவையில் தேய்க்கச் சொன்னாள் மருமகள். முதலில் தடித்த துணி, பிறகு பருத்தி, கடைசியில் ஸ்விட்சை அணைத்துவிட்டு மெல்லிய துணி. "அணைச்சாலும் கால் மணி நேரம் சூடு இருக்கு அத்தை. அதை ஏன் வீணா விடணும்?" முப்பது வருஷமாகத் தைக்கிறவளுக்கு நேற்று வந்தவள் பாடம் எடுப்பதா என்று டைலரம்மாவுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அணைத்துவிட்டு நான்கு மெல்லிய சட்டைகளைத் தேய்த்தாள். ஒன்றுகூடப் பொசுங்கவில்லை. அவள் கையில் வருஷத்துக்கு ஒரு பட்டுச்சட்டையாவது பொசுங்காமல் இருந்ததில்லை. சும்மா சொல்லக் கூடாது, பெண்ணுக்கு மூளை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தாள். வெளியே சொல்லவில்லை.

மழைக் காலத்தில் மகனின் மானம் போயிற்று. மருமகள் ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். பின்பக்கம் ஒட்டடையும் தூசியும் கம்பளி மாதிரி அப்பியிருந்தன. "ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் பார்க்கிற மெக்கானிக் வீட்டு ஃப்ரிட்ஜைப் பாருங்க அத்தை" என்றாள். அவன் அசடு வழிய நின்றான். தூசியைத் துடைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரை மாற்றச் சொன்னாள், மறுநாளே மாற்றினான். டைலரம்மாவுக்கும் ஒரு கொட்டு விழுந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன சமைக்கலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, "முடிவு பண்ணிட்டுத் திறங்க அத்தை. அது ஜன்னல் இல்ல" என்றாள்.

அந்த மழையில்தான் தொட்டிலும் வந்தது. மரப்பெட்டி ஒன்றின் நான்கு பக்கமும் அடியும் வெட்டுத்துணியை அடைத்துத் தைத்த மெத்தை, மேலே மூடத் தனியாக ஒரு மெத்தை. பருப்பு கொதி வந்ததும் பாத்திரத்தைக் கரண்ட் அடுப்பிலிருந்து இறக்கி அதற்குள் வைத்து மூடிவிடுவாள். அடுப்பு அணைந்துவிடும், பருப்பு தன் சூட்டிலேயே ஒன்றரை மணி நேரத்தில் குழைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் வந்தவள் மூலையில் மெத்தையோடு பெட்டியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பேரனா பேத்தியா? ஒரு வார்த்தை சொல்லலியே?" டைலரம்மா மெத்தையை விலக்கிக் காட்டி, "பருப்பு" என்றாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் தொட்டில்.

குளிர் காலம் தொடங்கியபோது கதவுகளின் அடியில் துணிப் பாம்புகள் படுத்திருந்தன, எல்லாம் டைலரம்மா தைத்தவை. குளிக்கத் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் இருபது நிமிஷம்தான் எரியும். அது அணைவதற்குள் மூன்று பேரும் துண்டோடு வரிசையில் நிற்க வேண்டும். இதற்குள் ஒவ்வொரு குண்டு பல்பாகக் கழற்றி எல்இடி பல்ப் போட்டாகிவிட்டது. "குண்டு பல்ப் கரண்ட்டைக் குடிச்சே அழிக்கும் அத்தை" என்பாள். டைலரம்மா அதையே பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் குண்டு பல்ப் எரிவதைப் பார்த்தால் அவர்களுக்கும் உபதேசம் பண்ண ஆரம்பித்தாள். சிரிக்காதீர்கள், அவளே இப்போது அறையை விட்டு வரும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் வருகிறாள். எல்லா அறையிலும் வெளிச்சம் வைத்து ஆள் இருப்பதாகக் காட்ட வேண்டிய அவசியம் போய்விட்டது. வீட்டில் ஆள் இருந்தது.

ஒரு நாள் காலையில் மருமகள் மீட்டர் பலகைக்குக் கீழே நின்று கூப்பிட்டாள்.

"அத்தை, மாசம் நூத்தம்பதுக்கு வந்துட்டோம். பெட்டி அறுபது எடுக்கும். ரெண்டும் சேர்ந்தா நீங்க சொன்ன இருநூத்திப் பத்து. இப்ப வெச்சுக்கட்டுமா?"

டைலரம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஜன்னல், இஸ்திரி, ஃப்ரிட்ஜ், தொட்டில் எல்லாம் இதற்காகவா? ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில் அவள் உளறியதை இந்தப் பெண் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் யூனிட் யூனிட்டாகச் சேர்த்து, அவள் காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு அனுமதி கேட்கிறாள். எப்பேர்ப்பட்ட பெண். 'அது சும்மா சொன்னதும்மா' என்று சொல்ல வாய் வரவில்லை. "வெச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல் அறைக்குப் போய்விட்டாள்.

மகன் ஒரு வாரத்தில் பெட்டியைச் செய்து முடித்தான். பழைய ஃப்ரிட்ஜின் உடம்பு, கதவில் கண்ணாடி, உள்ளே நான்கு குண்டு பல்ப், சூடு ஏறினால் தானாக அணைந்து இறங்கினால் எரிய ஒரு கருவி, வெளியே சூட்டைக் காட்டும் சின்ன டிஸ்ப்ளே. எது எதற்கு என்று அவன் அம்மாவுக்கு விளக்கினான். அவள் டிவி பார்த்தபடி 'உம்' கொட்டினாள்.

பண்ணை அக்கா அறுபது முட்டை கொடுத்தாள். கண்டிப்பான பொம்பளை. "அறுபதுல நாப்பத்தஞ்சு குஞ்சு வரணும். வந்தா மாசாமாசம் முட்டை அனுப்பறேன். வரலைன்னா இதோட சரி, வருத்தப்படாதே" என்று நேரடியாகச் சொல்லிவிட்டாள். ஒரு வருஷ உழைப்பு அந்த அறுபது முட்டையில் இருந்தது. மருமகள் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள்.

பத்தொன்பதாம் நாள், பண்ணை அக்கா கூப்பிட்டனுப்பினாள் என்று மருமகள் காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்பினாள். மகன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ரிப்பேர் வேலைக்குப் போயிருந்தான். "இனிமே பெட்டியைத் திறக்க வேணாம் அத்தை. கண்ணாடி வழியா ஒரு பார்வை பார்த்தா போதும். சாயங்காலம் வந்துடறேன்."

டைலரம்மா கண்ணாடி வழியாக ஒரு பார்வைதான் பார்த்தாள். நான்கு குண்டு பல்ப் மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்துகொண்டிருந்தன. வீட்டில் மிச்சம் இருந்த குண்டு பல்ப்கள் அவை மட்டும்தான். அவளுக்கு ஒரே பூரிப்பு. வீட்டு பல்பையெல்லாம் மாற்றின மருமகள், தன் பெட்டிக்குள் மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டாளே. ஃப்ரிட்ஜுக்குள் பல்ப் எதற்கு இருக்கும்? உள்ளே இருப்பது தெரிவதற்குத்தானே? சூட்டுக்கு உள்ளே எங்கேயாவது மோட்டார் கீட்டார் வைத்திருப்பான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பெற்ற தாய்க்கு இதுகூடத் தெரியாதா? அந்தப் பெண் நமக்காக ஒரு வருஷம் பாடுபட்டாளே, நாம் அவளுக்கு நாலு யூனிட்டாவது மிச்சம் பிடித்துக் கொடுப்போம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்குப் போய் நான்கு எல்இடி பல்ப் வாங்கி வந்தாள்.

ஒன்பதரை மணிக்கு மாற்றினாள். வெள்ளை வெளேரென்று வெளிச்சம். பழைய பல்ப் மாதிரி அணைந்து அணைந்து எரியவுமில்லை, நின்று எரிந்தது. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. பழைய நாலையும் குப்பைக்கூடையில் போட்டாள். பத்து மணிக்குக் குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தவள், மருமகள் வந்து பார்த்ததும் என்ன சொல்லுவாள் என்று கற்பனை பண்ணியபடி பெட்டிக்கு முன்னால் நின்றாள். டிஸ்ப்ளே எப்போதும் முப்பத்தேழு காட்டும். இப்போது இருபத்திரண்டு காட்டியது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது.

 பல்ப் எதற்கு எரிந்தது என்று அப்போது புரிந்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அமுக்கினாள்.

"பொண்ணே, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் கோழிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. திட்டுவாள், அழுவாள், போனை வைத்துவிடுவாள் என்று டைலரம்மா காத்திருந்தாள்.

"எத்தனை மணிக்கு மாத்தினீங்க அத்தை?"

"ஒன்பதரைக்கு."

"பழைய பல்ப்?"

"குப்பையில போட்டுட்டேன். வண்டி எடுத்துட்டுப் போயிடுச்சு. கடையிலகூட இப்ப அது வர்றதில்லையாம்மா."

"சரி. பத்தொன்பதாம் நாள் அத்தை, உள்ள குஞ்சு முழுசா இருக்கு. அதுக்கே கொஞ்சம் உடம்புச் சூடு இருக்கும். தாய்க்கோழிகூட எழுந்து இரை தேடப் போகத்தான் செய்யும். உயிர் இருக்கும். நான் வந்து சேர ஆறு மணி ஆயிடும். அதுவரைக்கும் நீங்கதான் பார்த்துக்கணும். தொட்டிலைத் திறங்க."

தொட்டிலில் மறுவேளைக்கான பருப்பு இருந்தது. அதைத் தூக்கிக் கீழே வைத்தாள். மருமகள் போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னாள். குளிக்கிற சூட்டில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள், அதற்கு மேலே துணி, துணிக்கு மேல் முட்டை, ஓரத்தில் நனைத்துப் பிழிந்த துணி, நடுவில், பெட்டியின் டிஸ்ப்ளேயிலிருந்து இழுத்த, சூடு பார்க்கிற ஒயர். "முப்பத்தெட்டைத் தாண்ட விடாதீங்க அத்தை. ஆறினா பொறுத்துக்கும், வெந்தா பொறுத்துக்காது. சந்தேகம் வந்தா முட்டையை மூடின கண்ணுமேல வெச்சுப் பாருங்க. உறுத்தாம இதமா இருந்தா சரி."

அறுபது முட்டையையும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினாள். முப்பது வருஷமாகப் பட்டுத்துணியைத் தொட்ட கை, ஒன்றுகூட இடிபடவில்லை. இஸ்திரிப்பெட்டியைப் போட்டுத் தடித்த துணிகளைத் தேய்த்து, சூட்டோடு மடித்துச் சுற்றிலும் அடைத்தாள். பிறகு அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டில் மெல்லிய துணிகளைத் தேய்த்து மேலே மூடினாள். மருமகள் சொல்லிக்கொடுத்த வரிசையில் கை தானாகப் போயிற்று. இருபத்திரண்டு, இருபத்தைந்து, முப்பது என்று எண் ஏறியது.

அரை மணியில் பாட்டில் ஆறியது. மாற்ற வேண்டுமென்றால் மெத்தையைத் தூக்க வேண்டும், தூக்கினால் ஏறிய சூடெல்லாம் போய்விடும். இரண்டு தடவை தூக்கினாள், இரண்டு தடவையும் எண் மடமடவென்று இறங்கியது. இது ஆவதில்லை என்று தெரிந்தது. டைலரம்மா மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். தொட்டிலின் நான்கு பக்க மெத்தையிலும் மேல்விளிம்பில் பிரித்து, உள்ளே பாட்டில் இறங்குகிற அளவுக்குப் பை வைத்துக் கையால் தைத்தாள், பக்கத்துக்கு இரண்டாக எட்டுப் பை. சட்டைக்குப் பை வைத்தவளுக்கு மெத்தைக்குப் பை வைப்பது பெரிய காரியமா? இப்போது மேல்மெத்தையின் ஓரத்தைச் சற்றே மடக்கினால் போதும், ஆறிய பாட்டில் வெளியே வரும், சூடான பாட்டில் உள்ளே போகும். முட்டைகளுக்குத் தெரியவே தெரியாது.

நாலு மணிக்கு முப்பத்தேழு காட்டியது. அதற்குப் பிறகு அவள் அந்த எண்ணை நகர விடவில்லை. தண்ணீர் காய்ச்சுவதும் பாட்டில் மாற்றுவதும் முட்டையைக் கண்ணிமையில் வைத்துப் பார்ப்பதுமாக ஓடினாள். சட்டை வாங்க வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

ஆறு மணிக்கு மருமகள் செருப்பை வாசலில் உதறிவிட்டு நேராகத் தொட்டிலுக்கு வந்தாள். மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டு ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்தாள், பிறகு காதில் வைத்தாள். 

"சூடு சரியா இருக்கு அத்தை. சத்தம் இன்னும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் கேக்கும்." விரல்கள் மெத்தையின் விளிம்பைத் தடவின. "இந்தப் பையெல்லாம் யார் வைக்கச் சொன்னா?"

"யார் சொல்லணும்? நான் டைலர்தானே." சொல்லிவிட்டு டைலரம்மா உடைந்துவிட்டாள். "உனக்கு நல்லது பண்றதா நினைச்சு உன் தலையிலயே கல்லைப் போட்டுட்டேன்மா."

மருமகள் பெட்டியைத் திறந்து அந்த நான்கு பல்பையும் கழற்றி எடுத்துத் துடைத்தாள். "பல்ப் நல்ல பல்ப்தான் அத்தை. போட்ட இடம்தான் தப்பு" என்று சொல்லி, அதில் ஒன்றைக் கொண்டுபோய்த் தையல் மெஷினுக்கு மேலே மாட்டினாள். பின்னாலேயே, அவள் போனில் சொன்னதைக் கேட்டு மகன் வந்தான். செத்துப்போன ஃப்ரிட்ஜ்களிலிருந்து கழற்றி வைத்திருந்த சின்னக் குண்டு பல்ப் எட்டை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தான். ஏழு மணிக்கு முட்டைகள் பழையபடி பெட்டிக்குள் போயின.

இருபத்தொன்றாம் நாள் வந்தது. ஒரு சத்தமும் இல்லை. டைலரம்மா ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்து வைத்தாள். இருபத்திரண்டாம் நாள் காலையிலும் ஒன்றுமில்லை. மருமகள் மட்டும் எப்போதும்போல எட்டு மணிக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படித்தான் இவளால் முடிகிறதோ என்று டைலரம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தாள், அவள் துடைத்த பாத்திரத்தையே மூன்றாம் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். டைலரம்மா போய் அந்தப் பாத்திரத்தை வாங்கி வைத்தாள். இருவரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு முட்டை ஆடியது. ஓட்டில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து ஒரு கீச்சு. அதற்குப் பதில் சொல்வதுபோல் மூலையிலிருந்து இன்னொன்று. மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவு இறுக்கமாக.

மறுநாள் பண்ணை அக்கா வந்தாள். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காலையும் தொப்புளையும் பார்த்து எண்ணினாள். நாற்பத்து நான்கு. ஒரு முட்டை கீறல் விட்டு நின்றிருந்தது.

"நாப்பத்தஞ்சு கேட்டேன். ஒரு நாள் லேட்டாவும் பொரிச்சிருக்கு. நடுவுல சூடு விட்டுப்போச்சா?"

"ஆமாக்கா. பல்ப் மாறிடுச்சு. என் தப்புதான், நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றாள் மருமகள்.

"சூடு விட்டுப்போற பெட்டியை நம்பி நான் எப்படி முட்டை அனுப்பறது?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். டைலரம்மாவால் தாங்க முடியவில்லை. இந்த ஒரு தடவையாவது வாய் முந்தியது நல்லதாகப் போயிற்று.

"அவ தப்பு இல்லை. நான் பண்ணின கூத்து. பல்ப்தான் சூடு குடுக்குதுன்னு தெரியாம, கரண்ட்டை மிச்சம் பிடிக்கறேன்னு மாத்திட்டேன். முட்டை அத்தனையும் பச்சைத் தண்ணி மாதிரி ஆறிப்போச்சு. இவதான் போன்லயே சொல்லிச் சொல்லிக் காப்பாத்தினா. ஒரு வார்த்தை திட்டலை. என்னை வேணா திட்டிக்கோங்க, அவ வேலையில கைவைக்காதீங்க."

பண்ணை அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பெட்டி இல்லாம எத்தனை மணி நேரம் வெச்சிருந்தீங்க?"

"ஒண்ணரையிலேருந்து ஏழு வரைக்கும்."

"எதுல?"

தொட்டிலைக் கொண்டுவந்து காட்டினார்கள். பண்ணை அக்கா எட்டுப் பையிலும் கையை விட்டுப் பார்த்தாள், மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"போன மழையில எங்க பண்ணையில ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் போய் ஆயிரம் முட்டை செத்துச்சு. எங்ககிட்ட பெரிய பெரிய மெஷினெல்லாம் இருக்கு, இது இல்லை." எழுந்து முந்தானையை உதறினாள். "அடுத்த மாசம் அறுபது இல்லை, நூத்திருபது அனுப்பறேன். இதே மாதிரி தொட்டில் எனக்கும் நாலு தைச்சு வைங்க டைலரம்மா."

அவர்கள் அவளை வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்தபோது கீறல் விட்டிருந்த முட்டை உடைந்து நாற்பத்தைந்தாவது குஞ்சு ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தது.

டைலரம்மா ஒரு துணியை நனைத்துப் பிழிந்தாள். நேராக மீட்டர் பலகைக்குப் போனாள். ஒரு வருஷமாக அங்கே இருந்த 210-ஐ அழுத்தித் துடைத்து அழித்தாள். இனிமேல் இந்த வீட்டில் இவள் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டட்டும், கேட்பதற்கு யாருக்கும் யோக்கியதை இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மருமகள் ஓடி வந்தாள். "ஐயோ அத்தை, அதை ஏன் அழிச்சீங்க?"

"நான் எழுதினதே தப்பும்மா. எழுதின கையாலயே அழிச்சிட்டேன்."

"அது இருந்தாத்தானே எனக்கு வேலை ஓடும்? பெட்டியைச் சுத்தியும் ஒரு மெத்தை போட்டா சூடு வெளிய போகாது. நூத்திருபது முட்டைக்கும் இதுக்குள்ளயே முடிச்சுடலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்."

டைலரம்மா அவளையே பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"அப்ப நீயே எழுது."

மருமகள் துடைத்த ஈரம் காய்வதற்காக ஊதினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு குதிகாலை உயர்த்தி எட்டி, 200 என்று எழுதினாள்.